மேடவாக்கத்து ஃப்ளாட்: 72 லட்சம் கொடுத்து வாங்குவதா, 20 ஆயிரம் வாடகையில் இருப்பதா?

முதலில் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கணவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறார். மனைவிக்கு சோழிங்கநல்லூரில் ஐ.டி. கம்பெனி வேலை. ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. இருவர் சம்பளமும் சேர்த்து கைக்கு வருவது மாதம் 1 லட்சத்து 35 ஆயிரம். மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு, வாடகை 20,000, பராமரிப்புக் கட்டணம் தனி. மனைவி என் அக்கா மகள். நான் வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், 2025 மார்ச்சில் ஒரு புது ஃப்ளாட்டின் விலைப்பட்டியலோடு இருவரும் வந்தார்கள். அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர், கட்டடம், பில்டர் எதுவும் வேண்டாம், கணக்கு மட்டும் போதும்.

அவள் வந்ததும் சொன்னது, "மாமா, மாசம் இருபதாயிரம் தண்ணியில போடற மாதிரி இருக்கு. அதோட இன்னும் கொஞ்சம் போட்டா இ.எம்.ஐ. ஆயிடும், வீடும் நமக்கு ஆயிடும்."

கடன் கேட்டு வந்த பாதிப் பேர் இந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வாடகையை இ.எம்.ஐ.யோடு ஒப்பிடவே கூடாது, வட்டியோடுதான் ஒப்பிட வேண்டும். வாடகை திரும்பி வராத பணம் என்றால் வட்டியும் அப்படித்தான். இ.எம்.ஐ.யில் அசலுக்குப் போகிற துண்டு மட்டும்தான் உங்கள் வீடாக மாறுகிறது.

இவர்கள் பார்த்த ஃப்ளாட் 1,050 சதுர அடி என்று விளம்பரத்தில் இருந்தது. கார்ப்பெட் ஏரியா, அதாவது சுவருக்குள் கால் வைத்து நடக்கிற இடம், 740 சதுர அடிதான். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபிறகு இந்த எண்ணை ஒப்பந்தத்தில் எழுதியே ஆக வேண்டும், ஆனாலும் விற்பவர் வாயில் இன்னும் பெரிய எண்தான் வருகிறது. விலை 72 லட்சம். பணிமுடிப்புச் சான்று வாங்கிய கட்டடம், அதனால் ஜி.எஸ்.டி. இல்லை. கட்டிக்கொண்டிருக்கும்போதே வாங்கியிருந்தால் 5 சதவீதம் போயிருக்கும். தமிழ்நாட்டில் 2023 டிசம்பரிலிருந்து புது ஃப்ளாட்டின் முதல் விற்பனையை நிலமும் கட்டடமும் சேர்ந்த மதிப்புக்குப் பதிவு செய்கிறார்கள். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. ஆக 5 லட்சத்து 4 ஆயிரம்.

வங்கி எவ்வளவு தரும்? கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம், ரிசர்வ் வங்கி விதி. பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. இவர்கள் 55 லட்சம் கடன் போட நினைத்தார்கள். மீதி 17 லட்சம், பத்திரம் 5, மர வேலை, கிரில், ஃபேன், ஈ.பி. டெபாசிட், அசோசியேஷனுக்கு முன்பணம் எல்லாம் சேர்த்து இன்னொரு 5. மொத்தம் 27 லட்சம் சொந்தக் காசு வேண்டும். கையில் இருந்தது 17 லட்சம். மிச்சத்துக்கு மாப்பிள்ளை பி.எஃப்.பில் 4 லட்சம் எடுப்பதாகவும் அவள் நகையில் 6 லட்சத்துக்கு விற்பதாகவும் திட்டம். பத்திரம் பதிவான மறுநாள் அவசரத்துக்கு என்று வீட்டில் ஒரு ரூபாய் இருக்காது. எனக்கு முதலில் உறைத்தது இதுதான், வட்டிக் கணக்கெல்லாம் அப்புறம்தான்.

அவர்களுக்குச் சொல்லப்பட்ட வட்டி 8.5 சதவீதம், 20 வருடம். இ.எம்.ஐ. 47,730. முதல் மாதம் அதில் வட்டி 38,958, அசலுக்குப் போவது 8,772. முதல் வருட வட்டி மட்டும் 4 லட்சத்து 63 ஆயிரம். இதோடு நிற்கவில்லை. அந்த 27 லட்சம் வங்கியில் கிடந்தால் ஏதாவது ஈட்டியிருக்கும். அப்போது எஃப்.டி.யில் 7 சதவீதம் கிடைத்தது, எல்லா வருடமும் அது நிற்காது என்று நான் 6 வைத்தேன், அதற்கு 1 லட்சத்து 62 ஆயிரம். சொத்து வரி, சில்லறை ரிப்பேரைத் தொடாமலே, சொந்த வீட்டில் முதல் வருடம் திரும்பி வராத பணம் 6 லட்சத்து 25 ஆயிரம். வாடகை வீட்டில் 2 லட்சத்து 40 ஆயிரம். பராமரிப்புக் கட்டணம் இரண்டு பக்கமும் உண்டு, அதை விட்டுவிடலாம்.

"அப்போ தண்ணியில போறது எது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை கணக்கில் கெட்டிக்காரர், உடனே பிடித்துக்கொண்டார். "வாடகை வருஷா வருஷம் ஏறும், இ.எம்.ஐ. அப்படியே நிக்கும், வீட்டு விலையும் ஏறும், அதை விட்டுட்டீங்களே மாமா." நியாயமான கேள்வி. அதனால் மூன்று காலத்துக்குப் போட்டுப் பார்த்தோம். வாடகை வருடம் 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தோம் (அப்படி ஏறினாலும் வாடகை இ.எம்.ஐ.யைத் தொட 16ஆவது வருடம் ஆகிறது). வாடகையில் இருப்பவர் அந்த 27 லட்சத்தையும், மாதாமாதம் இ.எம்.ஐ.க்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தையும் 6 சதவீதத்தில் போட்டு வைக்கிறார். வாங்கியவர் கடைசியில் வீட்டை விற்று, கடன் பாக்கியை அடைத்து, தரகு 1 சதவீதம் கொடுத்து, லாபத்தில் 12.5 சதவீதம் மூலதன ஆதாய வரி கட்டுகிறார். 2024 ஜூலை 23க்குப் பிறகு வாங்கும் சொத்துக்குப் பணவீக்கச் சரிக்கட்டு, அதாவது விலைவாசிக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் காட்டி லாபத்தைக் குறைப்பது, கிடையாது, அதை நிறையப் பேர் இன்னும் கவனிக்கவில்லை.

இருவர் கையிலும் கடைசியில் ஒரே தொகை நிற்க வேண்டும் என்றால் வீட்டு விலை வருடத்துக்கு எவ்வளவு ஏற வேண்டும் என்பதுதான் கேள்வி. 3 வருடத்தில் விற்றால் 10.5 சதவீதம். 7 வருடத்தில் விற்றால் 7 சதவீதம். 15 வருடம் இருந்தால் 5 சதவீதம்.

இந்த மூன்று எண்ணைத்தான் அவர்களிடம் திரும்பத் திரும்பக் காட்டினேன். வாடகையா சொந்தமா என்பதைவிட, அந்த ஊரில் அந்தச் சுவருக்குள் எத்தனை வருடம் இருப்பீர்கள் என்பதுதான் விடையைத் தீர்மானிக்கிறது. 7 வருடம் கட்டிய பிறகு என்ன நிலைமை தெரியுமா, 40 லட்சம் கட்டியிருப்பீர்கள், கடன் பாக்கி 45 லட்சம் இருக்கும். அசலில் குறைந்தது 10 லட்சம்தான். நடுவில் புனேவுக்கோ ஓசூருக்கோ மாற்றல் வந்து விற்க நேர்ந்த குடும்பங்கள் என் மேஜைக்கு வந்து இந்தப் பாக்கித் தொகையைப் பார்த்துவிட்டு, தப்பாக அச்சாகியிருக்கிறது என்று வாதாடியிருக்கிறார்கள்.

வட்டி நிற்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்து 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது, மாறும் வட்டிக் கடன் எல்லாம் அதோடு சேர்ந்து ஏறியது. உதாரணத்துக்கு, 6.75 சதவீதத்தில் 55 லட்சத்துக்கு இ.எம்.ஐ. 41,820. வட்டி 9.25 ஆகிவிட்டால் முதல் மாத வட்டியே 42,396. பழைய இ.எம்.ஐ.யையே கட்டிக்கொண்டிருந்தால் வட்டிக்கே போதாது, அசல் குறைவதற்குப் பதில் வளரும். இப்படித் தவணைக் காலத்தைக் கேட்காமலே நீட்டியதால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது இ.எம்.ஐ.யை ஏற்றுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என உத்தரவு போட்டது. அதற்குப் பிறகு 2025 ஜூனுக்குள் ரெப்போ 5.5க்கு இறங்கியது, சரி. 7.5 சதவீதத்தில் அதே கடனுக்கு 44,308 ஆகிறது, கணக்கு, வீடு வாங்குபவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. ஆனால் இறங்கியது ஏறவும் செய்யும், 20 வருடம் நீண்ட காலம்.

வரிச் சலுகை பற்றிக் கேட்பீர்கள். இரண்டு பேருக்கும் ஆண்டு வருமானம் 10 லட்சத்துக்குள்தான். புதிய வரி முறையில் 2025 ஏப்ரலிலிருந்து சம்பளக்காரருக்கு 12 லட்சத்து 75 ஆயிரம் வரை வரியே இல்லை. கட்டாத வரிக்கு என்ன சலுகை? அந்த முறையில் நாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கும் கழிவு இல்லை, வாடகைப் படிக்கும் இல்லை. "வரி மிச்சமாகும், வாங்குங்க" என்று யாராவது சொன்னால் எந்த முறையில், எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கணக்கில் வராத பக்கம்

இவ்வளவும் சொன்ன பிறகு அவள் கேட்டது வேறு. "எல்லாம் சரி மாமா, நாலு வருஷத்துல ரெண்டு வீடு மாறியாச்சு. முதல் ஓனர் பையன் அமெரிக்காவுலேர்ந்து வரான்னு ஒரு மாசத்துல காலி பண்ணச் சொன்னாரு. பாப்பாவோட வேன், பள்ளிக்கூடம், பால்காரர் எல்லாம் மாறிச்சு. அட்வான்ஸ்ல பெயின்டுக்குன்னு ஒரு மாச வாடகைய புடிச்சுக்கிட்டாங்க. இதுக்கு உங்க தாள்ல எங்க கட்டம் இருக்கு?"

கட்டம் இல்லைதான். இந்தக் கேள்வியை லேசாக எடுக்கவே முடியாது. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகார அலுவலகத்தில் பதிய வேண்டும், வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது, தண்ணீர், கரண்டைத் துண்டிக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. நடைமுறையில் பதினோரு மாத ஒப்பந்தத்தை ஜெராக்ஸ் கடையில் அடித்துக் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுகிறோம், பதிவு செய்வதில்லை. அப்புறம் ஓனர் காலி பண்ணச் சொன்னால் கையில் பிடித்து நிற்க ஒன்றும் இல்லை. ஒப்பந்தத்தை மூன்று வருடத்துக்குப் போட்டு, வருட உயர்வை எண்ணாக எழுதி, காலி செய்ய மூன்று மாத அவகாசம் என்று சேர்த்துப் பதிந்துகொண்டால் அவள் சொன்ன கஷ்டத்தில் பாதி குறையும். எல்லா ஓனரும் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிப்பவரைத் தேட வேண்டியதுதான்.

மிச்சப் பாதி குறையாது. வீடு பார்க்கப் போன இடத்தில் என்ன சாதி என்று சுற்றி வளைத்துக் கேட்பதையும், கறி சமைப்பீர்களா என்பதையும், இஸ்லாமியர் என்றதும் "இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க" என்பதையும், தனியாக இருக்கும் பெண்ணிடம் கணவன் எங்கே என்பதையும் நான் கேட்டிருக்கிறேன். இது கேவலம், வேறு வார்த்தை இல்லை. இந்த அவமானம் வேண்டாம் என்பதற்காக ஒருவர் கணக்குக்கு மேலே 10 லட்சம் கொடுத்து வீடு வாங்கினால் அவரைத் தப்புச் சொல்ல எனக்கு வாய் வராது. மாப்பிள்ளையின் அம்மா திண்டுக்கல்லில் இருந்து போனில் சொன்னதும் அதுதான், "எலி வளையானாலும் தனி வளை வேணும்யா."

வயதான காலத்தையும் யோசிக்க வேண்டும். தனியார் வேலையில் இருந்தவர்களுக்கு பி.எஃப். பென்ஷன் சொற்பம், அதன் குறைந்தபட்சத் தொகை 2014இல் வைத்த 1,000 ரூபாய். அறுபதுக்கு மேல் பென்ஷன் ஏறாது, வாடகை ஏறும். எழுபது வயதில் மூட்டு வலியோடு மாடி வீடு, கீழ்வீடு என்று தேடும் தம்பதிகளை எனக்குத் தெரியும், தனியாக இருக்கும் முதியவருக்கு வீடு கொடுக்கவே ஓனர்கள் யோசிக்கிறார்கள். அதனால் ஐம்பதுக்குள், வேலை இருக்கும்போதே, கடன் சுமை ஓய்வுக்காலத்துக்குள் நுழையாதபடி ஒரு வீடு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முப்பத்தைந்தில் எல்லாச் சேமிப்பையும் துடைத்துக் கொடுத்து வாங்க வேண்டுமா என்பதில்தான் சண்டை.

இன்னொன்று. வாடகையில் இருப்பவர் ஜெயிக்கும் கணக்கு, மாதம் 27,730ஐ உண்மையாகவே எடுத்து வைத்தால்தான் நிற்கும். பெரும்பாலான வீடுகளில் அது நிற்பதில்லை, செலவோடு செலவாகப் போய்விடுகிறது. இ.எம்.ஐ. ஒரு கட்டாயம், அந்தக் கட்டாயத்தால்தான் நம் ஊரில் பல குடும்பங்களுக்குச் சொத்தே சேர்ந்திருக்கிறது.

நடுவில் ஒரு தரகர் இவர்களுக்கு லீஸுக்கு வீடு காட்டினார், மதுரைப் பக்கம் ஒத்தி என்பார்களே, அது. 8 லட்சம் கொடுத்தால் மூன்று வருடம் வாடகை இல்லை. வேண்டவே வேண்டாம் என்றேன். அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, ஓனர் கட்டாமல் விட்டு, வங்கி ஏலத்துக்குக் கொண்டுவந்தால் உங்கள் 8 லட்சத்துக்கு வங்கி பொறுப்பில்லை. வில்லங்கச் சான்று பார்க்காமல் பணம் கொடுத்தவர்கள் ஏல நோட்டீஸை வாசல் கதவில் பார்த்துத்தான் விஷயம் தெரிந்துகொண்டார்கள், அப்படி வந்து அழுதவர்களுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

என்ன செய்தார்கள்

வாங்கவில்லை. ஆனால் பழைய வீட்டிலும் இருக்கவில்லை. நான் சொன்னது, ஆசைப்பட்ட அதே அடுக்குமாடியிலேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள், ஒரு மழைக்காலம் இருந்து பாருங்கள் என்று. மேடவாக்கம் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் பக்கம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி எப்படி நின்றன என்று ஊருக்கே தெரியும். விற்பவர் கொடுக்கும் வண்ணப் புத்தகத்தில் மழை பெய்யாது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது தண்ணீர் லாரிக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதும் அதில் இருக்காது.

22,000 வாடகையில் ஜூன் மாதம் குடியேறினார்கள், மூன்று வருட ஒப்பந்தம், பதிவோடு. அந்த வடகிழக்குப் பருவமழையில் தெருவில் முழங்கால் தண்ணீர், வண்டி நிறுத்தும் தரைத்தளத்தில் கணுக்கால் வரை, இரண்டு நாளில் வடிந்தது. போர்வெல் தண்ணீர் உப்பு, குடிக்கக் கேன், பிப்ரவரியிலிருந்து லாரி. மேல் மாடியில் ஒரு வீட்டுக் கூரையில் கசிவு. கட்டமைப்புக் குறைகளை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் காட்டினால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதை அசோசியேஷனில் யாரும் எடுக்கவில்லை, மாப்பிள்ளை எடுத்துச் சொல்லிக் கடிதம் போட வைத்தார். இதையெல்லாம் 72 லட்சம் கொடுத்த பிறகு தெரிந்துகொள்வதற்கும் வாடகையில் இருந்து தெரிந்துகொள்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

மாதம் 25,000 தனிக் கணக்கில் ஆர்.டி.யாகப் போகிறது, சம்பளம் வந்த அன்றே. நகை விற்கப்படவில்லை, பி.எஃப். தொடப்படவில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. மாப்பிள்ளைக்கு ஒரகடத்திலேயே பதவி உயர்வு வந்து மாற்றல் பயம் போனது, பாப்பாவுக்குப் பள்ளி பிடித்துவிட்டது, அவர் அம்மாவும் இங்கேயே வந்துவிடலாம் என்கிறார். ஆக, இருக்கப்போகும் காலம் 7 இலிருந்து 15க்கு நகர்ந்துவிட்டது, விலை 5 சதவீதம் ஏறினாலே போதும். அதே கட்டடத்தில் இரண்டாவது மாடி வீடு ஒன்று மறுவிற்பனைக்கு வந்திருக்கிறது. உரிமையாளர் 69 கேட்கிறார், இவர்கள் 65 சொல்லியிருக்கிறார்கள். மறுவிற்பனைக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம், அதைச் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும் என்று சொல்லிவைத்தேன். பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் மனையில் இந்த வீட்டுக்கு உள்ள பங்கு, 480 சதுர அடி என்று பத்திரத்தில் இருக்கிறது, அதுதான் முக்கியம், கட்டடம் வருடா வருடம் பழசாகும், நிலம் ஆகாது. 2022ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் இடித்துக் கட்டலாம் என்று வந்திருப்பதால் முப்பது வருடம் கழித்து அந்தப் பங்குக்குத்தான் மதிப்பு.

அவள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள், பத்திரம் இருவர் பெயரிலும் இருக்க வேண்டும், இ.எம்.ஐ. பாதி அவள் சம்பளத்திலிருந்துதானே போகிறது. முழுக்கச் சரி. வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போட்டு எடுத்தாயிற்று, தாய்ப் பத்திரமும் பட்டாவும் வக்கீலிடம் இருக்கின்றன. மாதம் 42,000க்கு மேல் இ.எம்.ஐ. போகிற மாதிரி இருந்தாலோ, ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தொட வேண்டி வந்தாலோ விட்டுவிடுவது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தம் 2028 ஜூன் வரை இருக்கிறது, அவசரம் ஒன்றும் இல்லை.